கடைமடையின் மீது சொன்ன சாட்சி

வாருங்கள், தோழர்களே! பூவங்குளம் ஏலாவின் கடைமடைக்கு வாருங்கள். குளத்தின் காலடியில் விரிந்து கிடக்கும் எங்கள் வயற்பரப்புக்கு ஏலா என்று பெயர். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வரப்பு வரைக்கும் நடந்து வாருங்கள். அங்கே ஒரு ஏக்கர் இருபது சென்ட் நிலம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. விசாரணை முடிந்துவிட்டது. தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. வாயில்லாத அந்த மண்ணுக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் ஒரே ஒருவன். அவன் சொன்னது பொய். அவன் பெயர் பகவதியப்பன். அது நான்தான்.

என்னை உங்களில் பலர் அறிவீர்கள். முப்பது ஆண்டுகளாக நாஞ்சில் நாட்டுச் சந்தை முக்குகளில் மேடையேறியவன். மூடநம்பிக்கையைச் சாடித் துண்டறிக்கை எழுதியவன். சாதியின் வேரில் வெந்நீர் ஊற்றுவேன் என்று முழங்கியவன். பேச்சு சோறு போடாது என்பதால், ஐந்தாண்டுகளாக உழவர் உற்பத்தியாளர் நிறுவனமொன்றில் களப்பணியாளனாக இருக்கிறேன். அந்த நிறுவனம்தான் சென்ற ஆடியில் எங்கள் ஏலாவுக்கு டிரோனைக் கொண்டுவந்தது.

திட்டம் நல்ல திட்டம். அதை இப்போதும் சொல்வேன். எண்பத்து நான்கு ஏக்கரும் ஒரே மண்ணாக இருப்பதில்லை. ஒரு வயலில் களி மிகுதி, அடுத்த வயலில் மணல் மிகுதி. ஒன்றில் சாம்பல்சத்து குறைவு, மற்றொன்றில் தழைச்சத்து தேவைக்கு மேல். அப்படியிருக்க எல்லா வயலுக்கும் ஒரே அளவு உரத்தை அள்ளி வீசுவது மடமை. வயல்தோறும் மண்ணெடுத்துச் சோதித்து, வானிலிருந்து பயிரின் பச்சையத்தைப் படம்பிடித்து, இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே எவ்வளவு தேவையோ அங்கே அவ்வளவு கொடுப்பது. இதுதான் திட்டம்.

அதன் தொடக்க விழாவில் நான் பேசினேன். "சமநீதி என்பது எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதா? இல்லை, தேவையறிந்து கொடுப்பது! இந்தப் பொறி வரப்பு பார்க்காது, வம்சம் பார்க்காது, தலைமடை கடைமடை பார்க்காது!" என்றேன். கைதட்டல் குளக்கரை வரை கேட்டது. கடைமடையில் பாட்டத்துக்குப் பயிரிடும் செல்லக்கனி எழுந்து நின்று கைதட்டினார். அதை நான் கண்ணால் கண்டேன்.

செல்லக்கனிக்கு நாற்பத்தாறு வயது. பதினான்கு ஆண்டுகளாக அந்த நிலத்தைக் குத்தகைக்கு, எங்கள் சொல்லில் பாட்டத்துக்கு, எடுத்து உழுகிறார். நிலத்தின் உடைமையாளர் கணபதியப்பன். அவரே பாசன சங்கத் தலைவர். அவரே என் தகப்பனாரின் தம்பி. தலைமடை யாருடையது, கடைமடையில் சேறு மிதிப்பவர் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் குளம் இருக்கும்.

டிரோன் பறந்த நாள், எங்கள் அம்மன் கோயில் திருவிழாவான ஆடிக்கொடையின் எட்டாம் நாள். இந்த ஆண்டு சாரல் பொய்த்திருந்தது. குழித்துறையிலிருந்து வந்த பொறியாளர் சபிதா தலைமடை வரப்பில் பெட்டிகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். முப்பது வயதுப் பெண். வேலையில் கறார்.

"அண்ணாச்சி, கோயில்ல அந்த மைக்கு செட்டைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுவீங்களா? எனக்க பேட்டரி பீப் அடிக்கியதே கேக்கல்ல."

"அம்மனுக்கே காது அடைச்சுப்போயி எட்டு நாளாச்சு. நான் சொன்னா கொறைப்பானுவளா?"

"நீங்க மைக்கைப் பிடிச்சா மட்டும் கொறைப்பீங்களாக்கும்?"

இருவரும் சிரித்தோம். அவர் கையிலிருந்த டேப்லெட்டில் படிவத்தைத் திறந்து கேள்விகளைக் கேட்டார்.

"நடவு?"

"வைகாசி இருபத்தெட்டு."

"ரகம்?"

"ஒக்க அம்பை பதினாறு."

"தண்ணி எல்லா வயலுக்கும் ஒண்ணுபோலத்தானே போவுது?"

"ஆமா. முறை வச்சில்லா விடுகோம்."

அவர் விரலால் தொட்டார். அடுத்த கேள்விக்குப் போனார். ஒரு நிலத்தைக் கொல்ல அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

அன்று கடைமடைக்குத் தண்ணீர் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. ஏன் என்று கேளுங்கள். கேட்கவே மாட்டார்கள் என்னும் துணிவில்தான் எங்கள் ஊர் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. கொடைக்குக் கால்நாட்டிய நாளிலிருந்து கொடை முடியும் வரைக்கும் கடைமடையின் முறை நிறுத்தப்படும். அதற்குச் சாமி முறை என்று பெயர். தலைமடையில் அம்மனுக்கு அரை ஏக்கர் வயல் உண்டு. கொடைக்காலத்தில் அம்மன் வயல் வாடக்கூடாது என்பது வழக்கம். அரை ஏக்கர் நனைய எத்தனை நாழிகை வேண்டும்? ஒரு காலைப்பொழுது போதும். மற்ற நாட்களின் தண்ணீரெல்லாம் அம்மன் வயலைத் தாண்டிச் சுற்றியுள்ள வயல்களில் இறங்கும். அந்த வயல்களில் ஒன்று என்னுடையது. சபிதாவுக்கு நான் பதில் சொன்னபோது என் பயிரின் காலடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

அந்த முதல் விடையை வேண்டுமென்று சொன்ன பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதைவிட இழிவான ஒன்று அது. சாமி முறையை எங்களூரில் எவரும் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. மனிதர்களுக்கு முறை வைத்துத் திறந்தால் அது பாசனம். சாமிக்குத் திறந்தால் அது வழிபாடு. இப்படிப் பழகிய மூளை எனக்கு. அம்மன் இல்லை என்று மேடையில் அடித்துப் பேசிய வாய், அம்மன் பெயரால் வந்த தண்ணீரைத் தண்ணீர் என்று எண்ணக்கூட மறந்துவிட்டது. எண்ணாமலே "ஆமா" என்றேன்.

இரண்டாவது விடைக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

பத்து நாள் கழித்து வரைபடம் வந்தது. ஏலா முழுதும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறம். சிவப்பு ஒரே இடத்தில்தான் இருந்தது. சபிதா என்னை அழைத்துத் திரையைக் காட்டினார்.

"அண்ணாச்சி, எனக்கு இது கணக்குல ஒக்கல்ல. கடைமடை மண்ணு சோதனையில நல்லாத்தான் இருக்கு. உப்பு இல்ல. சத்தெல்லாம் தலைமடையைவிட ஒருபடி மேல. தண்ணியும் சமம்னு சொல்லியிருக்கீங்க. அப்ப பயிரு ஏன் இப்பிடி வாடி நிக்குது?"

"மெஷின் என்ன சொல்லுது?"

"சத்தும் இருக்கு, தண்ணியும் இருக்கு, பயிரு மட்டும் தேறல்லன்னா கோளாறு அடிமண்ணுலன்னு சொல்லுது. உரம் போட்டாலும் வீண், பயிருக்கு ஒத்துவராத பகுதின்னு வகைப்படுத்தியிருக்கு. ஆனா இங்க பாருங்க, தரை வெடிச்ச மாதிரி கோடு கோடா தெரியுது. அண்ணைக்கு அங்க தண்ணி கெடந்துதா?"

தோழர்களே, கேள்வி இதைவிடத் தெளிவாகக் கேட்கப்பட முடியுமா? என் முன் கதவு திறந்து கிடந்தது. "இல்லை, பதினொரு நாளாக இல்லை" என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியின் பின்னால் என்னென்ன வரும் என்பதை நான் கண நேரத்தில் கண்டுவிட்டேன். ஏன் இல்லை என்பார்கள். சாமி முறை என்று சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பார்கள். என் வயலைக் காட்ட வேண்டும். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த சித்தப்பாவின் முகத்தில் விழிக்க வேண்டும். கொடைக்கு வரி கொடுத்த ஊர் முழுதும் என் வீட்டு வாசலில் நிற்கும்.

"அந்தக் கடைசி எப்பவும் அப்பிடித்தான் சபிதா. மண்ணுக்க ராசி" என்றேன்.

ராசி! அந்தச் சொல்லை ஒழிக்க வேண்டும் என்று எத்தனை மேடையில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன்! வாரச் சோதிடம் படிப்பவனைப் பார்த்து நகைத்திருக்கிறேன். சபிதா அந்தச் சிவப்புப் பகுதியை விரலால் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா செரி" என்று திரையை மூடினார். என்னை நம்பினார். என் மேடைப் பேச்சுகளை அவரும் கேட்டவர்தான்.

ஆடிக் கடைசியில் டிரோன் மேலுரம் தெளித்தது. பச்சைப் பகுதிக்குக் குறைவாக, மஞ்சளுக்குக் கூடுதலாக, வரைபடம் சொன்னபடி துல்லியமாகத் தெளித்தது. கடைமடை வரப்பு வந்ததும் தெளிப்பை நிறுத்திக்கொண்டு திரும்பியது. செல்லக்கனி வரப்பில் நின்று இரண்டு கையையும் ஆட்டி அதைக் கூப்பிட்டார். பொறி கண்டுகொள்ளவில்லை. அதற்கு நாங்கள் கற்றுக்கொடுத்தது அப்படி.

ஆவணி முதல் வாரம் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். சுவரில் வரைபடத்தைப் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். கணபதியப்பச் சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தொடங்கினார்.

"ஏட்டி செல்லக்கனி, படத்தப் பாத்தியா? ஒனக்க வயலு தக்காளி கணக்கா செவந்து கெடக்கு."

கூட்டம் சிரித்தது. செல்லக்கனி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"பாத்தேன். பதினோரு நாளு தண்ணி குடுக்காம வெயில்ல நிறுத்தினா நீங்களும் அப்பிடித்தான் செவப்பிய."

இந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரிதாக எழுந்தது. சித்தப்பாவின் முகம் இறுகியது.

"அது சாமி முறையாக்கும். சாமி குடிச்ச தண்ணிக்கு ஆருட்ட கணக்குக் கேக்குத?"

"சாமிக்கு உள்ளது அரை ஏக்கரு. சாமி குடிச்சது போவ மிச்சத்தக் குடிச்சது ஆருன்னுதான் கேக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா கையிலிருந்த தாளைப் படித்தார். வருகிற கும்பப்பூ, அதாவது இரண்டாம் போகச் சாகுபடி முதல் சிவப்புப் பகுதிக்கு உரத்திட்டம் கிடையாது. பலன் தராத நிலத்துக்குத் தண்ணீரை வீணாக்குவது அறிவியலுக்கு ஒவ்வாததால் முறைத்தண்ணீரும் கிடையாது. நில உடைமையாளர் என்ற வகையில் தாம் பாட்டத்தை முடித்துக்கொண்டு தென்னை வைக்கப்போவதாகவும், புரட்டாசி முடியுமுன் செல்லக்கனி நிலத்தை ஒழித்துத் தரவேண்டும் என்றும் சொன்னார்.

செல்லக்கனி அப்போதுதான் எழுந்தார். அவர் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"பகவதியப்பன் அண்ணாச்சி, சந்தை முக்குல மைக்கைப் பிடிச்சா மூணு மணிக்கூறு நியாயம் பேசுவியளே. எனக்கு மூணு மணிக்கூறு வேண்டாம். ஒத்த வரி போதும். படம் எடுத்த அண்ணைக்கு எனக்க வயல்ல தண்ணி கெடந்துதா, கெடக்கல்லியா?"

தொண்ணூற்றாறு உறுப்பினர்கள் உள்ள சங்கம். அன்று எழுபது பேராவது இருந்திருப்பார்கள். எழுபது பேருக்கும் விடை தெரியும். ஆனால் விடை சொல்லும் கடமை ஒருவனிடம் ஒப்படைக்கப்பட்டது.

"படத்தில உள்ளது அறிவியல், அக்கா. அதுக்கு ஆள் பாகுபாடு தெரியாது" என்றேன்.

"அதுக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்லா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் நிறைவேறியது. ஒரு ஊரின் ஓரவஞ்சனையை வானிலிருந்து அச்சு அசலாகப் படம்பிடித்துக் கொடுத்தது பொறி. அந்தப் படத்துக்கு அடியில் மண்ணின் குற்றம் என்று எழுதியவர்கள் நாங்கள்.

அதன் பிறகு நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. அழைப்பு வந்த இடங்களுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அறுவடை வந்தது. என் வயலில் கதிர் தலைசாய்ந்து கிடந்ததைப் பார்க்க எனக்குக் கூசியது. கடைமடையில் பாதிப் பதர். கொடைக்குப் பின் முறைத்தண்ணீர் திரும்பியும் அது தேறவில்லை. கதிர் கருக்கொண்டு பூட்டை கட்டும் பருவத்தில் காய்ந்த பயிர் பின்னர் எவ்வளவு குடித்தாலும் பால் பிடிப்பதில்லை.

ஒருநாள் பகலில் செல்லக்கனியின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் சொன்ன "ஆமா"வை, சபிதா இரண்டாவது முறை கேட்டதை, ராசி என்று நான் சொன்னதை. என் கண் கலங்கியிருந்தது. அவருடைய கண் கலங்கவில்லை.

"சொல்லி முடிச்சாச்சா?" என்றார்.

"முடிச்சாச்சு அக்கா. மன்னிக்கணும்."

"இதை எனக்கிட்ட சொன்னா ஒங்க நெஞ்சு லேசாவும். எனக்கு வயலு திரும்புமா?"

அவர் அடுத்த வரிசை நெல்லைக் காலால் கிளறிவிட்டுத் தொடர்ந்தார்.

"தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? எனக்கே வந்து சொல்லுதிய! தெரியாத மாதிரி இருக்கவனுவ அங்க சங்கத்தில உக்காந்திருக்கானுவ. அங்க போயிச் சொல்லுங்க. மன்னிக்கதும் மன்னிக்காததும் மேல இருக்க அய்யா பாத்துக்குவாரு. அது அவருக்க வேலை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெல்லுல நெழல் விழுது."

தள்ளி நின்றேன். என் வாழ்நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த சொற்பொழிவு அதுதான்.

அங்கிருந்து நேரே குழித்துறைக்குப் பேருந்து ஏறினேன். சபிதா நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ரெண்டு தடவ கேட்டேன், அண்ணாச்சி. ரெண்டு தடவ! எனக்க பேரு போட்டு, எனக்க கையெழுத்துப் போட்டு அந்தப் படம் போயிருக்கு. ஒரு குடும்பத்துக்க வயித்துல எனக்க கையால அடிச்சிருக்கீங்க."

"படத்தைத் திருத்த முடியாதா?"

"படம் தப்பில்ல. அண்ணைக்கு உள்ளது அதுல இருக்கு. நீங்க குடுத்த பதிலுதான் தப்பு. தண்ணி சமமா நின்ன பெறகு புதுசாப் பறக்கணும். காசு வேண்டாம், நான் வந்து பறக்கேன். ஆனா ஒங்க சங்கம் எழுதித் தரணும்."

பழைய அறிக்கை பிழையான தகவலின் மேல் எழுதப்பட்டது என்று அப்போதே ஒரு கடிதம் எழுதி என் கையில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். அவர் படித்துவிட்டு மடித்து என் சட்டைப்பையிலேயே செருகினார்.

"மக்கா, தென்னம்பிள்ளைக்குச் சொல்லியாச்சு. விட்டிரு."

"சித்தப்பா, அது பொய்ச்சாட்சி. நான் சொன்னது."

"நீ சொன்ன ஆயிரத்தில இது ஒண்ணு. ஊர்ச்சாமிக்க தண்ணியக் கூட்டத்தில வச்சு அளக்கணும்னு சொல்லுதியா? நாளைக்குக் கொடைக்கு உள்ள நீ தலைகாட்ட முடியுமாடே?"

"கொடைக்கு நான் எண்ணைக்கு வந்தேன்?"

"நீ வரல்ல. ஒனக்க வயலு வந்துதுல்லா?"

என்னை யாரும் அதற்கு முன் அப்படிப் பிடித்துக் குலுக்கியதில்லை. அவர் சொன்னது முழு உண்மை. என் வயல் ஆண்டுதோறும் கொடைக்குப் போய்வந்தது. நான் வெளியே நின்று கொடையைச் சாடிக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் விதிகளை எடுத்துப் படித்தேன். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால், பத்து நாளுக்குள் கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். தலைவர் மறுக்க முடியாது. முப்பத்திரண்டு கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்தை நான் போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு எட்டு நாளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். ஒருவர் மருமகனைக் கேட்க வேண்டும் என்கிறார். ஒருவர் நியாயம்தான், ஆனால் முதல் பத்துப் பேரில் என் பெயர் வேண்டாம் என்கிறார். இன்னொருவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "சாமி கோவிக்குமே" என்று திருப்பித் தந்தார். அவருடைய வயல் என் வயலுக்கு அடுத்தது. என்னையும் சேர்த்து இதுவரை ஏழு பேர். ஏழு பேரில் ஐந்து பேர் பெண்கள்.

புரட்டாசி முடிய இன்னும் பன்னிரண்டு நாள். செல்லக்கனி அந்த வயலின் வரப்பில் நட்ட அகத்தியை இன்னும் வெட்டவில்லை. வெட்டச் சொல்லி ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள்.

பிற ஊர்த் தோழர்களே! உங்கள் வயலுக்கு மேலும் நாளை ஒரு டிரோன் பறக்கும். பறக்கட்டும். வரவேற்றுக் கைதட்டுங்கள். ஆனால் அது மேலெழும்புமுன் களப்பணியாளனின் சட்டையைப் பிடித்து நிறுத்திக் கேளுங்கள்: இன்று யார் வயலில் தண்ணீர் நிற்கிறது? யார் வயலில் எத்தனை நாளாக இல்லை? அதை எழுதினாயா? எழுதியதைக் காட்டு! அவன் நல்லவன், மேடையில் பேசுகிறவன், நம்மவன் என்று விட்டுவிடாதீர்கள். நானும் அப்படிப்பட்டவனாகத்தான் இருந்தேன்.

பூவங்குளம் ஏலாவின் உறுப்பினர்களே! நாடு முழுதும் படிக்க இதை எழுதினாலும், உங்களைக் குறித்தே எழுதினேன். அன்று கூட்டத்தில் நீங்கள் எழுபது பேர் இருந்தீர்கள். எழுபது பேருக்கும் தெரிந்திருந்தது. என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டேன். உங்கள் பங்கை இனி நீங்கள் என் தலையில் ஏற்றிவிட முடியாது. மறுபடியும் கூட்டம் வேண்டும். கடைமடை நனைந்த பின் மறுபடியும் பறக்க வேண்டும். அதுவரை செல்லக்கனியை அந்த நிலத்திலிருந்து எவரும் இறக்கக்கூடாது. சாமி முறையைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றி, அரை ஏக்கருக்கு மேல் போன ஒவ்வொரு நாள் தண்ணீரையும் கடைமடைக்குத் திருப்ப வேண்டும். முதலில் என் மடையை அடைத்துவிடுங்கள்.

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தின் முன் தாளும் பேனாவுமாக நிற்பேன். இன்னும் இருபத்தைந்து பேர் வேண்டும். வந்து கையெழுத்திடுங்கள்.